‘அப்புறம் என்ன ஆச்சு?’ – வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் ஆசிரியர் குழு அனுப்பிவைத்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கையெழுத்து மட்டும் வேறு வேறு. எழுதிக்கொண்டிருந்தேன், நின்றுபோய்விட்டது, மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்கிறார்கள். சரி, இந்த முறை அதற்கே பக்கங்களை ஒதுக்கிவிடலாம். மாமியார் வீட்டுப் பஞ்சாயத்துகள் அடுத்த இதழில். பெயர் போடாதீர்கள் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

திருப்பூர் வாசகர்: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியில் படித்தபோது எழுதிய இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்தன. இப்போது ஒரு வரிகூட வருவதில்லை. ஊக்கம் தரும் பேச்சுகளை யூடியூபில் தினமும் கேட்கிறேன். கேட்கும்போது சிலிர்க்கிறது, பேனாவை எடுத்தால் ஒன்றுமே இல்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பேச்சுகளை நிறுத்துங்கள். கேட்டுச் சிலிர்த்து முடிக்கும்போது ஏதோ எழுதிவிட்டது போன்ற திருப்தி பாதி வந்துவிடுகிறது. மீதிப் பாதியோடு தூங்கப் போய்விடுகிறோம்.

நான் வேலை பார்த்தது திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கும் டிரங்க் கால் போர்டில். என் கதைகளில் பெரும்பாலானவை இரவு டூட்டியில் எழுதியவை. அப்போதெல்லாம் எனக்கு உந்துதல் என்று ஒன்று இருந்ததென்றால் அது பக்கத்து போர்டில் உட்கார்ந்திருந்த அக்காதான். இலக்கியம் படித்தவர் இல்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை, ராசி பலன், இரண்டும்தான் அவர் வாசிப்பு. நடு ராத்திரிக்கு மேல் கால் குறைந்ததும் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு, “ஏண்டி, அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாளா, இல்லையா? அப்புறம் என்ன ஆச்சு?” என்பார். எழுதாமல் வந்த நாளில் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பேன். “போடி, நேத்து வரைக்கும் அவ அப்படிப்பட்டவ இல்லையே” என்று பிடித்துவிடுவார். எந்த விமர்சகரும் எனக்கு அவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை.

அவருக்கு வேலூருக்கு மாற்றல் வந்தது. எனக்குக் கதை நின்றுபோனது. இத்தனைக்கும் நேரம் அப்படியேதான் இருந்தது, போர்டும் அதே போர்டுதான். கேட்கத்தான் ஆள் இல்லை. பிறகு அவருக்கே இன்லண்ட் லெட்டரில் கதையை எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். இன்லண்டில் இடம் கொஞ்சம், வானிலை வர்ணனைக்கெல்லாம் வழி கிடையாது. கதை மறுபடி ஓடியது, முன்னைவிட வேகமாகவே.

பெரிய எழுத்தாளர்கள் விஷயத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அடுத்த இதழுக்காக ஊரே காத்திருக்கும்போது, இந்த வாரம் மனசு ஒட்டவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் தொடங்கிய 1940இல் அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோதுதான் தொடரும் நின்றது, 122 அத்தியாயங்களோடு. ஏட்டுச் சுவடியும் பதிப்புமாக வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர், தன் கதையை அந்த வயதில் அத்தனை விரிவாக எழுதியதில் அந்த வாரப் பத்திரிகைக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது கேட்கிற ஆள் ஒருவர். இன்னொரு எழுத்தாளர் வேண்டாம், அவர் தன் கதையைப் படிக்கக் கொடுத்துவிடுவார். மனைவியும் வேண்டாம் என்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்காமலே “நல்லா இருக்கு” என்று சொல்லக்கூடியவர்கள். உங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரோ, பக்கத்து மேஜைக்காரரோ, தொடர் பார்க்கும் பழக்கமுள்ள யாரோ ஒருவர் இருப்பார். ஞாயிறு ராத்திரிக்குள் நான்கு பக்கம் தருவதாக அவரிடம் வாக்குக் கொடுங்கள். தராவிட்டால் திங்கட்கிழமை அவருக்கு டீயும் வடையும் உங்கள் செலவு.

திண்டுக்கல் வாசகி: இரண்டு பிள்ளைகள், கூட்டுக் குடும்பம். எழுத எனக்கென்று ஒரு மேஜைகூட இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்தால் எனக்கும் தூக்கம் வருகிறது. பெண்களால் எப்படித்தான் எழுத முடிகிறது?

எங்கள் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டாருக்குத் தெரியாமல், ராத்திரியில் கழிப்பறைக்குள் போய் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். சல்மா என்பதே மறைந்துகொள்ள வைத்துக்கொண்ட பெயர்தான். இன்னும் முன்னால் போனால் வை.மு. கோதைநாயகி. ஐந்து வயதிலேயே கல்யாணமாகி, பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வை அவர் வாயால் சொல்லச் சொல்ல ஒரு தோழிதான் எழுதினார். பிறகு ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை 1925இலிருந்து நடத்தினார். நாவல்கள் மட்டும் 115.

இதைச் சொல்வது, ‘அவர்கள் அவ்வளவு கஷ்டத்தில் எழுதினார்களே, உனக்கென்ன’ என்று உங்களைக் குத்திக்காட்ட அல்ல. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழிப்பறையில் எழுத வேண்டி வந்தது ஓர் அநியாயம். அதைப் போற்றிப் பாடுவதைவிட, உங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவது மேல். பையனுக்கு டியூஷன் என்றால் வீடே ஒதுங்கி வழிவிடுகிறதல்லவா? உங்களுக்கும் விடட்டும்.

கோதைநாயகியிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கையில்தான் எழுத வேண்டும் என்று சட்டமில்லை. உங்கள் செல்போனில் குரல் பதிவு இருக்கும். துணி மடிக்கும்போது சொல்லிவையுங்கள். நான் என் பங்குக்குக் காலாவதியான டிரங்க் கால் டிக்கெட்டுகளின், அதாவது அழைப்பு விவரம் குறிக்கும் சீட்டுகளின், பின்பக்கத்தில்தான் எழுதினேன். ஒரு சீட்டுக்கு நான்கு வரி. சூப்பர்வைசர் வந்தால் சீட்டு சீட்டோடு சேர்ந்துவிடும். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து வரிசைப்படுத்திக்கொள்வேன். அப்படி வரிசை மாறிப்போனதில் ஒரு கதை முடிவிலிருந்து தொடங்கியது, அதுவே நன்றாக இருக்கிறதென்று விட்டுவிட்டேன்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். அதில் விவாதமே இல்லை.

கோயம்புத்தூர் வாசகர்: நான் ஐ.டி. ஊழியன், வயது 27. என் வாழ்க்கையில் எதுவுமே நடப்பதில்லை. எதைப் பற்றி எழுதுவது?

நடக்காவிட்டால் நடக்கிற இடத்துக்குப் போங்கள். ராஜம் கிருஷ்ணன் அதைத்தான் செய்தார். கணவருக்கு மின்சாரத் துறை வேலை. நீலகிரியில் இருக்க நேர்ந்தபோது அங்கிருந்த படகர் இன மக்களின் வாழ்க்கையைக் கவனித்து ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத வேண்டுமென்று தோன்றியபோது தூத்துக்குடிக்கே போய் அளத்தில் நின்று பார்த்துக் கேட்டு எழுதியதுதான் ‘கரிப்பு மணிகள்’. மீனவர்களுக்கு ‘அலைவாய்க் கரையில்’, தஞ்சை வயல்கூலிகளுக்குச் ‘சேற்றில் மனிதர்கள்’. எனக்கு என்ன நடந்தது என்று உட்கார்ந்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது.

அல்லது எங்கேயும் போகாமல், நடக்கவில்லை என்கிறீர்களே, அதையே உற்றுப் பாருங்கள். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் உத்தியோகம் பார்த்தவர். சினிமா உலகத்தை ‘கரைந்த நிழல்க’ளில் எழுதியபோது நட்சத்திரங்களைவிட, பணத்துக்கும் சாப்பாட்டுக்கும் அலைகிற புரொடக்‌ஷன் ஆட்கள்தான் அதிகம் வந்தார்கள். ‘தண்ணீர்’ நாவலுக்கு அவருக்குத் தேவைப்பட்டது சென்னையில் எல்லோரும் அனுபவித்த குடிநீர்த் தட்டுப்பாடு. குடமும் பம்பும் வைத்துக்கொண்டு ஒரு நாவல்!

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ராத்திரி ஷிஃப்டுக்குக் கேப் வருமே, அதன் ஓட்டுநர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார், அவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது யார், பெட்ரோல் காசு யார் கையிலிருந்து போகிறது என்று கேளுங்கள். ஒரு வாரம் கேட்டால் போதும், எழுத ஒன்றுமில்லை என்று மறுபடி கடிதம் போட மாட்டீர்கள். கேட்கும்போது செல்போனை நீட்டாதீர்கள், பாவம், பயந்துவிடுவார்.

கரூர் வாசகர்: எழுத்தாளருக்கு உகந்தது காபியா, டீயா?

யார் போட்டுத் தருகிறார்களோ அவர்களுக்கு எது சுலபமோ அது.

விழுப்புரம் வாசகர்: கதை அனுப்பினால் பதிலே வருவதில்லை. மனம் விட்டுப்போகிறது.

எங்கள் காலத்தில் போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையை வைத்து அனுப்ப வேண்டும். கதை திரும்பி வந்தால் அதோடு ஒரு சின்ன அச்சுச் சீட்டு, ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ உறையின் கனத்தைப் பார்த்தே எங்கள் தெருத் தபால்காரருக்கு விஷயம் தெரிந்துவிடும். என் கையில் கொடுக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போய்விடுவார். அந்த நாசூக்கை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு பத்திரிகை என் கதையைத் திருப்பி அனுப்பியது, அதன் பின்பக்கத்தில் யாரோ துணிக்கணக்கு எழுதியிருந்தார்கள். இரண்டு வேஷ்டி, நாலு பனியன், ஒரு தலையணை உறை. கோபம் வந்தது, பிறகு அந்தக் கணக்கையே ஒரு கதையில் சேர்த்துக்கொண்டேன்.

இப்போதைய மௌனம் அதைவிட மோசம், ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியர் குழுக்கள் இரண்டு வரியில் இல்லை என்று எழுதலாம். இந்தப் பத்திரிகைக்கும் சேர்த்தே சொல்கிறேன், அச்சில் வருகிறதா பார்ப்போம். நீங்கள் செய்யக்கூடியது, மூன்று மாதம் பாருங்கள், பதில் இல்லையென்றால் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிவிட்டு வேறிடம் அனுப்புங்கள். ஒரே கதையை இரண்டு இடத்துக்கு ஒரே சமயத்தில் அனுப்பாதீர்கள். முக்கியமாக, அனுப்பிய அன்று சாயங்காலமே அடுத்த கதையில் முதல் வரி எழுதிவிட வேண்டும். அடுத்ததில் பாதி தூரம் போயிருக்கிற ஆளுக்கு முன்னதன் மறுப்பு அவ்வளவு வலிப்பதில்லை.

பத்திரிகைகளே வேண்டாமென்று தோன்றினால் சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்ளலாம். 1959இல் ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தாமே ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ஆனால் அந்த வழியில் போவதற்கு முன் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கொடுத்த விலையும் பெரியது.

நாகர்கோவில் வாசகி: தினமும் எழுதினால்தான் எழுத்தாளரா?

ஜெயமோகன் ‘வெண்முர’சை 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி, நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாக 2020இல் முடித்தார், 26 நாவல்கள். சிறுகதைக்காரர் மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியது 24 கதைகள்தான். இருவரில் யாரை எழுத்தாளர் இல்லை என்று சொல்வீர்கள்?

ஆனால் மௌனியின் எண்ணிக்கையைச் சோம்பேறிகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னரிடம் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர் வேலை, சொந்த வியாபாரம், நடுவில் யுத்தம். அதில் கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார்கள், கவர்னரின் மனைவி என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. இலக்கியம் படைப்பதாக அவர் நினைத்திருக்க மாட்டார். கதை வராத நாட்களில் அப்படி எழுதலாம், இன்றைக்கு உழவர் சந்தையில் முருங்கைக்காய் என்ன விலை, விற்ற அம்மா எதற்காகப் பக்கத்துக் கடைக்காரியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கை ஓய்ந்துபோகாமல் இருக்கும். கதைக்குச் சாமானும் சேரும்.

சென்னை வாசகர்: கேட்ட நிமிஷத்தில் கம்ப்யூட்டரே கதை எழுதித் தருகிறது. நான் ஏன் மெனக்கெட வேண்டும்?

தரட்டுமே. உங்கள் பெரியப்பா கடைசிப் பத்து வருஷம் உங்கள் அப்பாவோடு ஏன் பேசவில்லை என்று அதற்குத் தெரியுமா? உங்களுக்கே சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். எழுதிப் பாருங்கள், கொஞ்சம் பிடிபடும்.

கும்பகோணம் வாசகர்: வயது 67. ஓய்வுபெற்ற பிறகு எழுதலாம் என்று தள்ளிவைத்தேன். இப்போது காலம் கடந்துவிட்டதோ என்று பயம்.

திருப்பூர்க்காரருக்குச் சொன்ன உ.வே.சா. கணக்கைப் பாருங்கள். செல்லப்பாவின் மூன்று பாக நாவல் ‘சுதந்திர தாகம்’ 1997இல் வெளிவந்தபோது அவருக்கும் எண்பதுக்கு மேல். ஆனால் இவர்கள் இடைவிடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள், உங்களுக்கு இது முதல் தடவை. அதனால் நாவலில் கை வைக்க வேண்டாம். காவிரியில் வெள்ளம் வந்த ஒரு வருஷம், உங்கள் தெருவில் மூடிப்போன ஒரு கடை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களைத் திட்டிய தலைமை எழுத்தர், இப்படித் துண்டு துண்டாக ஆரம்பியுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு உபதேசம் என்று மட்டும் தலைப்பு வைத்துவிடாதீர்கள். ஒருத்தரும் படிக்க மாட்டார்கள்.

தென்காசி வாசகி: பள்ளி ஆசிரியை. 2019இல் ஒரு நாவல் ஆரம்பித்து 140 பக்கம் எழுதினேன். நாயகியின் அப்பா இறந்துபோகிறார், சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். அந்த அத்தியாயத்தோடு நின்றதுதான். கையெழுத்துப் பிரதியைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. எரித்துவிடட்டுமா?

எரிக்காதீர்கள், பரணில் இடமிருக்கும். வருஷக்கணக்கில் நின்றுபோவது அப்படி ஒன்றும் விபரீதமில்லை. சுந்தர ராமசாமி 1966இல் ‘புளியமரத்தின் கதை’ வந்த பிறகு சில ஆண்டுகள் எழுதாமலே இருந்தார். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடந்துகொண்டிருந்தது. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ வந்தது 1981இல். உங்கள் ஐந்தாறு வருஷம் அதில் எந்த மூலைக்கு?

நீங்கள் அனுப்பியிருக்கும் அத்தியாயச் சுருக்கத்தைப் படித்தேன். எனக்குத் தெரிந்தவரை உங்களுக்கு ஊக்கம் குறையவில்லை, வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. துக்க வீட்டில் பதினாறு பேரை இறக்கிவிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாராவில் அறிமுகம், ஒருவர் பாக்கியில்லாமல் அழுகிறார்கள். ஒருவருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எழுதுகிறவளுக்கே சலித்துப்போகும், அப்புறம் கை எப்படி ஓடும்? சாவு வீட்டில் அழுகையோடு வேறு காரியமும் நடக்கும். ஒருத்தி பீரோ சாவியைத் தேடுவாள், ஒருத்தர் கடைசி பஸ்ஸுக்கு நேரம் பார்ப்பார், சின்ன மாமா வாங்கிய கடனுக்குச் சாட்சியே போய்விட்டாரே என்று உள்ளூர ஆசுவாசப்படுவார்.

இப்படிச் செய்யுங்கள். 140 பக்கத்தையும் திரும்பப் படிக்காதீர்கள், படித்தால் திருத்த உட்கார்ந்துவிடுவீர்கள். பதினாறு பேரில் பன்னிரண்டு பேரை அன்று ராத்திரியே ஊருக்கு அனுப்பிவிடுங்கள். சாவு, சடங்கு எதையும் எழுத வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் தொடங்குங்கள். பந்தல்காரர் கம்புகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றிவிட்டு, வாடகைக்கு வாசலில் நிற்கிறார். உள்ளே அண்ணன், தங்கை, அத்தை, நாயகி. நான்கு பேரிடமும் பணம் இருக்கிறது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு காட்சியை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். இந்த மாதக் கடைசிக்குள் வர வேண்டும். பணத்தை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.